முதல் நிமிஷத்தின் மரியாதை

கோலாலம்பூரில் கொம்பாக் நதி கிள்ளான் நதியோடு கலக்கும் இடத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் வந்துவிடுகின்ற மஸ்ஜித் இந்தியா வீதியில், புடவைக் கடைக்குள் நுழைகின்ற ஒரு பெண்மணியை எவரும் வாசலில் நிறுத்தி விசாரிப்பதில்லை. "வாங்கக்கா, உட்காருங்க, என்ன மாதிரி பார்க்கிறீங்க?" என்ற ஒரே கேள்விக்குப் பிறகு, அவர் பதில் சொல்லி முடிப்பதற்கு முன்பே இரண்டு மூன்று புடவைகள் மடிப்புக் கலைந்து கண்ணெதிரே விரிந்துவிடும், பெயரும் விலாசமும் தொலைபேசி எண்ணும், அவர் ஒன்றைத் தேர்ந்து, விலை பேசி, ரசீது போடும் வேளையில்தான், அதுவும் அவசியமானால்தான், கேட்கப்படும். 1863ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய தொழுகைத் தலத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்ற அந்த வட்டாரத்தில், தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் சம்பிரதாயம் இது. முதன்முறையாக உள்ளே வருகின்ற மனிதருக்கு முதலில் எதையாவது கொடுத்துவிட வேண்டும், கேட்பதைப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம்.

கைப்பேசிச் செயலிகளை உண்டாக்குகிறவர்கள் வேறெந்தப் பாடத்தைக் கற்கும் முன்னும் இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில், புதிதாக ஒரு செயலியை நிறுவித் திறக்கின்ற சாமானிய மனிதருக்கு இன்று நேர்கின்ற வரவேற்பு பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. முதல் திரையில் மின்னஞ்சல் முகவரி கேட்கப்படுகிறது. அதைக் கொடுத்தால் எட்டு எழுத்துக்குக் குறையாத, ஒரு பெரிய எழுத்தும் ஓர் எண்ணும் ஒரு குறியும் அடங்கிய கடவுச்சொல் கேட்கப்படுகிறது. பிறகு இருக்குமிடத்தை அறிய அனுமதி, படக்கருவிக்கு அனுமதி, தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி, அறிவிப்புகள் அனுப்ப அனுமதி என்று ஒன்றன்பின் ஒன்றாக வேண்டுகோள்கள் எழுகின்றன. இவையெல்லாம் முடிந்த பின்னும், செயலியின் பெருமைகளைச் சித்திரங்களோடு விளக்குகின்ற நான்கைந்து பக்கங்களைத் தள்ளித் தள்ளிக் கடந்த பிற்பாடுதான், அவர் எந்தக் காரியத்துக்காக அதை நிறுவினாரோ அந்தக் காரியத்தின் வாசல் தென்படுகிறது. இடைவழியில் அவர் கைப்பேசியை மூடி வைத்துவிட்டு எழுந்து போனால், அதற்கு அவருடைய அறியாமையைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது.

இந்த அறிமுகப் படலத்தைத் தொழில்துறையினர் 'ஆன்போர்டிங்' என்பார்கள். அதில் வெற்றி பெற்ற செயலிகளை உற்றுநோக்கினால், அவை ஒன்றுமே கேட்காதவை அல்ல என்பது தெரியவரும். 2009இல் தோன்றிய வாட்ஸ்அப்பை எடுத்துக்கொள்ளலாம். பெயர் புனைந்துகொள்ளவோ, கடவுச்சொல் ஒன்றை உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளவோ அது யாரையும் நிர்ப்பந்திக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த தம் தொலைபேசி எண்ணை மட்டும் கேட்டது. அதன்பின் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது. அனுமதி கிடைத்த மறுகணமே, தங்கையும் மைத்துனரும் பக்கத்துக் கடைக்காரரும் ஏற்கெனவே அங்கே இருப்பதைக் காட்டிவிட்டது. கேட்ட இரண்டுக்கும் உரிய பலன் அந்தந்த இடத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தது. இன்று மஸ்ஜித் இந்தியாவில் புதுச் சரக்கு வந்ததும் வாடிக்கையாளர்களுக்குப் படம் அனுப்புகின்ற ஜவுளி வியாபாரிகளில், அந்தச் செயலியைப் பயன்படுத்த எங்கேனும் வகுப்புக்குப் போனவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

கேட்பதற்குரிய காலம் எது என்பதைக் கைப்பேசிகளின் இயங்குதளங்களே மெல்ல மெல்லத்தான் உணர்ந்தன. ஆண்ட்ராய்டில் ஒரு காலத்தில், செயலியை நிறுவும்போதே அதற்கு வேண்டிய அத்தனை அனுமதிகளும் ஒரே பட்டியலாக நீட்டப்படும். ஏற்றால் நிறுவலாம், மறுத்தால் இல்லை. 2015இல் வெளியான ஆறாம் பதிப்பிலிருந்துதான், படம் எடுக்கும் வேளையில் படக்கருவிக்கும், வழி தேடும் வேளையில் இருப்பிடத்துக்கும் தனித்தனியே அனுமதி கேட்கின்ற முறை வந்தது. அறிவிப்புகளுக்கு முன்கூட்டி அனுமதி பெறவேண்டும் என்ற விதி 2022இன் பதிமூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. இவ்வளவு விதிகள் வந்த பிறகும், எல்லா அனுமதிகளையும் முதல் நிமிஷத்திலேயே வரிசையாகக் கேட்டு முடித்துவிட வேண்டும் என்கின்ற அவசரம் பல செயலிகளை விட்டு நீங்கவில்லை. ஒரு தரம் 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டவரை மறுபடி சம்மதிக்க வைப்பது மிகக் கடினம் என்பதை எண்ணினால், அந்த அவசரம் எவ்வளவு நஷ்டம் தருவது என்பது புரியும்.

முன்னுரைச் சித்திரங்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தேவை எழுவதற்கு முன் கற்பிக்கப்படுகின்ற எந்த உபாயமும் மனத்தில் தங்குவதில்லை. பணம் அனுப்பவேண்டிய வேளை வரும்போதுதான், பணம் அனுப்பும் பொத்தான் எங்கே என்ற கேள்விக்கு உயிர் வருகிறது. மனிதரை நினைவுகூரச் செய்வதைவிடக் கண்ணால் கண்டு அடையாளம் தெரிந்துகொள்ளச் செய்வதே மேல் என்று ஜேகப் நீல்சன் என்கிற டென்மார்க் நாட்டு அறிஞர் 1994இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று கூறுகிறது. அவ்விதி மேசைக் கணினிகளின் காலத்தில் பிறந்ததாயினும், உள்ளங்கையளவு திரைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது.

இனி, இந்த வீதியிலேயே கண்கூடாக நடந்த ஒரு பெரிய பரீட்சைக்கு வருவோம். பத்து வருஷங்களுக்கு முன் மஸ்ஜித் இந்தியாவில் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்தியவர் அபூர்வம். இன்றோ, சனிக்கிழமை மாலைகளில் துவாங்கு அப்துல் ரஹ்மான் சந்தில் கூடுகின்ற பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில், சுடச்சுடப் பலகாரம் விற்கின்ற தள்ளுவண்டியிலும் இளஞ்சிவப்பு நிறத்தில் கட்டம்கட்டமான ஒரு குறியீட்டு அட்டை தொங்குகிறது. கைப்பேசியின் படக்கருவியை அதன்மீது காட்டி, தொகையை எழுதி, சம்மதம் தெரிவித்தால், பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இலட்சக்கணக்கான முதல்முறைப் பயனர்கள் சில வருஷங்களுக்குள் எப்படி இவ்வழக்கத்துக்கு வந்தார்கள் என்ற விருத்தாந்தத்தில், செயலி வடிவமைப்போர் படிக்கவேண்டிய அத்தனையும் இருக்கின்றன.

முதலில் வந்தது காசு. 2020ஆம் ஆண்டு ஜனவரி 15 முதல் மார்ச் 14 வரை, பதினெட்டு வயது நிரம்பிய, ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைந்த மலேசியர் ஒவ்வொருவருக்கும் 30 ரிங்கிட் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. 'இ-துனாய் ராக்யாட்' என்ற அத்திட்டத்தின்படி, பூஸ்ட், கிராப், டச் அண்ட் கோ ஆகிய மூன்று மின்பணப்பைகளில் ஒன்றின் மூலமே அத்தொகையைப் பெறமுடியும். பெற்றதை அந்த இரண்டு மாதங்களுக்குள் செலவிட்டும் ஆகவேண்டும். "அந்த முப்பது வெள்ளி வந்துருச்சா?" என்பதே அந்நாட்களில் தேநீர்க் கடைகளின் சம்பாஷணையாயிற்று. அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்புவது முதலான சிரமங்களை ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஏனெனில் எதற்காகப் பொறுக்கிறோம் என்பதும், முடிவில் எவ்வளவு கிடைக்கும் என்பதும் தெளிவாக இருந்தன. நீளமான பதிவுப் படலங்கூட, அதன் பயன் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் சகிக்கத்தக்கதாகிறது.

அடுத்து வந்தது நிர்ப்பந்தம். அத்திட்டம் முடிந்த நான்காம் நாள், மார்ச் 18 அன்று, பெருந்தொற்றின் காரணமாக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ஏப்ரலில், தொற்றைக் கண்காணிக்க அரசாங்கம் கொண்டுவந்த மைசெஜாத்ரா செயலி அறிமுகமானது. நாளடைவில் எந்தக் கடைக்குள் நுழைவதானாலும் வாசலில் ஒட்டியிருந்த குறியீட்டை அதனால் ஸ்கேன் செய்துவிட்டே போகவேண்டும் என்றாயிற்று. அறுபது வயதைக் கடந்தவர்கள், அதுவரை பேசுவதற்கு மட்டுமே கைப்பேசியைத் தொட்டவர்கள், ஒரு நாளில் பலமுறை அந்தச் செய்கையைச் செய்து செய்து, யோசிக்காமலே கை செய்கின்ற அளவுக்குப் பழகிப்போனார்கள். 2022 மே முதல் தேதியோடு அந்தக் கட்டாயம் நீங்கியது. பலர் அச்செயலியைத் திறப்பதையே விட்டார்கள். ஆனால் கற்ற செய்கை கையை விட்டுப் போகவில்லை. நிர்ப்பந்தத்தால் பழக்கத்தைப் புகட்டிவிடலாம், பிரியத்தைப் புகட்ட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் கிடைப்பது அரிது.

மூன்றாவதாக வந்ததும், என் பார்வையில் மூன்றிலும் பிரதானமானதும், குழப்பத்தை நீக்கியதாகும். ஆரம்பத்தில் ஒவ்வொரு மின்பணப்பைக்கும் ஒவ்வோர் அட்டை என்று கல்லா மேசையில் அவை அடுக்கடுக்காக நின்றன. வாங்க வந்தவரிடம் இருக்கும் செயலியும் விற்பவரிடம் இருக்கும் அட்டையும் ஒத்துப்போனால்தான் காரியம் நடக்கும். முதல்முறைப் பயனர் ஒருவர், பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்க, ஒத்துப்போகாத அட்டையில் ஸ்கேன் செய்து, பிழை என்ற செய்தியைக் கண்டு கூச்சமடைந்துவிட்டாரானால், அவர் மறுபடி ரொக்கத்துக்கே திரும்பிவிடுவார். தேசியப் பணப்பட்டுவாடா அமைப்பான பேநெட், எல்லா வங்கிகளின் செயலிகளுக்கும் மின்பணப்பைகளுக்கும் பொதுவாக டுவிட்நவ் குறியீட்டைக் கொண்டுவந்த பிறகு அந்தச் சங்கடம் தீர்ந்தது. இப்போது சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வருகின்றவர்களும் தத்தம் நாட்டுச் செயலியாலேயே அந்த அட்டையில் செலுத்த முடிகிறது. பணம் வந்துவிட்டதைக் குரலால் அறிவிக்கின்ற சிறு பெட்டிகள் வந்தபிறகு விற்பவருடைய சந்தேகமும் ஓய்ந்தது. கைப்பேசியை எடுத்துப் பார்த்துச் சரிபார்க்க நேரமில்லாத வியாபாரிக்கு, காதில் விழுகின்ற அந்த ஒரு வாக்கியமே போதுமான அத்தாட்சி.

வெகுமதி கொடுத்துத்தான் புதியவர்களை ஈர்க்கமுடியும் என்று நம்புகிறவர்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். 2017 செப்டம்பர் 18 அன்று கூகுள் நிறுவனம் இந்தியாவில் 'தேஸ்' என்ற பெயரில் தொடங்கிய பணப்பரிமாற்றச் செயலி, மறு ஆண்டு 'கூகுள் பே' என்று பெயர் மாறியது. பணம் அனுப்பியவுடன் சுரண்டிப் பார்க்கின்ற ஓர் அட்டை திரையில் தோன்றும். அதிர்ஷ்டமிருந்தால் சில ரூபாய்கள் கிடைக்கும். தேசமெங்கும் அதைப் பற்றிய பேச்சாக இருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் பரிசுத் திட்டங்களைத் தடை செய்கின்ற 1979ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதால், அந்தச் சுரண்டும் அட்டைப் பரிசுகள் அங்கே செல்லுபடியாகவில்லை. அப்படியிருந்தும், இன்று சென்னையிலோ மதுரையிலோ பூக்காரம்மாவின் கூடையருகிலும் இளநீர்க் குவியலின் மேலும் குறியீட்டு அட்டை இல்லாத இடத்தைத் தேடவேண்டியிருக்கிறது. தமிழில் பயன்படுத்த முடிந்தது, சில்லறைத் தொல்லை தீர்ந்தது, போன பணம் சேர்ந்ததா என்பது உடனே தெரிந்தது. ஜனங்களுக்கு அவையே போதுமானவையாக இருந்தன. பரிசைத் தேடி வருகிறவர் பரிசு நின்றதும் போய்விடுவார். தம் காரியம் நடந்ததைக் கண்டவரோ நாளையும் வருவார்.

பணத்தை விட்டு எழுத்துக்கு வருவோம். ஏனெனில் முதல் நிமிஷத்தின் கஷ்டத்தை வேறெந்தச் செயலியைவிடவும் அதிகமாக அனுபவித்தது, மலேசியத் தமிழர் ஒருவரின் படைப்பாகும். கவிஞர் முரசு நெடுமாறனின் புதல்வரான முத்து நெடுமாறன், 1980களின் நடுவிலேயே கணினியில் தமிழை எழுதுவதற்கான 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கியவர். 2005ஆம் ஆண்டுத் தைப்பொங்கலை ஒட்டிச் சிங்கப்பூரில் அவருடைய 'செல்லினம்' அறிமுகமானது. தமிழ் எழுத்துருவே இல்லாத கைப்பேசிகள் நிறைந்திருந்த காலத்தில், தமிழில் குறுஞ்செய்தி எழுதலாம் என்ற அதிசயத்தை அது நிகழ்த்தியது. பின்னர் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் விசைப்பலகைச் செயலியாக வளர்ந்தது.

விசைப்பலகைச் செயலி என்பது மற்றச் செயலிகளைப் போன்றதன்று. அதற்கென்று சொந்தமாக ஓர் இருப்பிடம் இல்லை. வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும், மற்றவர் வீட்டுத் திரையின் அடிப்பாகத்தில், அழைத்தபோது தோன்றி வேலை செய்துவிட்டு மறையவேண்டியது அதன் விதி. ஐபோனில் 2014இல் வந்த எட்டாம் பதிப்பு வரையில் அந்த உரிமைகூட வெளியாரின் விசைப்பலகைகளுக்கு இல்லை. செயலிக்குள்ளேயே எழுதி, நகலெடுத்து, வேண்டிய இடத்தில் ஒட்டவேண்டியிருந்தது. உரிமை கிடைத்த பின்னரோ வேறு வகையான தடைகள் எழுந்தன. நிறுவியவர் அமைப்புகளுக்குள் போய், விசைப்பலகைப் பட்டியலைக் கண்டுபிடித்து, புதியதைச் சேர்க்கவேண்டும். ஆண்ட்ராய்டிலோ, அதைச் செயற்படுத்த முற்படும் வேளையில், இந்த உள்ளீட்டு முறை நீங்கள் எழுதும் கடவுச்சொற்கள், கடன் அட்டை எண்கள் உட்பட அனைத்தையும் சேகரிக்கக்கூடும் என்ற பொருள்பட இயங்குதளமே ஓர் எச்சரிக்கையை எழுப்புகிறது. எந்த விசைப்பலகையை நிறுவினாலும் வருகின்ற பொது எச்சரிக்கைதான் அது. ஆயினும் முதல் முறையாகக் காண்கின்ற ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு அது எப்படித் தெரியும்? தமிழில் ஓரெழுத்தும் எழுதிப் பார்ப்பதற்கு முன்பே அவர் மூன்று வாசல்களைத் தாண்டவேண்டும். நடு வாசலில் பயமுறுத்தும் அறிவிப்பு.

இயங்குதளத்தின் எச்சரிக்கையை எந்தச் செயலியாலும் அகற்ற முடியாது, அகற்றவும் கூடாது. செய்யக்கூடியதெல்லாம், அதற்கு முன்னும் பின்னும் அந்த மனிதரின் கையைப் பிடித்து நடத்திச் செல்வதுதான். எந்த விசைப்பலகையை உருவாக்குகிறவருக்கும் நான் சொல்லக்கூடிய யோசனை இதுவே: செயலியைத் திறந்தவுடன், அமைப்புகளுக்குப் போகச் சொல்லாமல், அங்கேயே ஓர் எழுதுமிடம் இருக்கட்டும்; அதில் 'அம்மா' என்று தம் விரலால் எழுதிப் பார்த்த மகிழ்ச்சி முதலில் கிடைக்கட்டும்; அதன்பின், இதை வாட்ஸ்அப்பிலும் எழுதவேண்டுமா என்று கேட்டு, அடுத்து ஓர் எச்சரிக்கை வரும், அது ஏன் வருகிறது, நீங்கள் எழுதுவதை இச்செயலி என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதை இரண்டு வாக்கியத்தில் உண்மையாகச் சொல்லட்டும். சொல்லப்பட்டபின் வருகின்ற எச்சரிக்கை, பயத்தைக் கொடுப்பதற்குப் பதிலாக, முன்னே சொன்னவர்மீது நம்பிக்கையைக் கொடுக்கிறது.

எழுதும் முறையைத் தேர்வதிலும் இதே நியாயம் உண்டு. செல்லினத்தில் அஞ்சல் முறையும் தமிழ்99 முறையும் இருக்கின்றன. அஞ்சலில் ஆங்கில விசைகளின் ஒலியைக் கொண்டு தமிழை எழுதுகிறோம். 'அம்மா'வுக்கு ஐந்து தட்டல்கள். தமிழ்99இல் இடப்பக்கம் உயிரும் வலப்பக்கம் மெய்யும் அமைந்திருக்க, ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுந்துவிடுகின்றபடியால், அதே சொல்லுக்கு நான்கு தட்டல்களே போதும். நெடுநாள் எழுதப்போகிறவருக்குத் தமிழ்99 சாலச் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும், நண்பர்களுக்கு ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிப் பழகிவிட்ட இளைஞரின் கையில் முதல் நாளே அதைக் கொடுத்தால், எழுத்தைத் தேடித் தேடி அலுத்துப்போவார். முதல் வாரம் பழகிய வழியில் எழுதட்டும். விருப்பம் வேரூன்றிய பிறகு நல்ல வழியைக் காட்டலாம். அதேபோல், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட இந்நாட்டில், தமிழ் எழுத்தையே முதலில் கற்ற ஒரு மாணவிக்குத் தமிழ் எழுத்துகள் பொறித்த விசைகளே பழகிய வழியாக இருக்கலாம். யார் வந்திருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் எதை முதலில் எடுத்துவைப்பது என்று முடிவு செய்யவேண்டும்.

யார் வந்திருக்கிறார் என்ற இந்தக் கேள்வியைச் செயலி வடிவமைப்போர் பெரும்பாலும் தவறாகவே எண்ணிக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் தகப்பனாரின் கைப்பேசியில் செயலியை நிறுவுவது மகன். பதிவு செய்வதும், கடவுச்சொல் அமைப்பதும், அறிமுகப் பக்கங்களைச் சரசரவென்று தள்ளிவிடுவதும் மகன். எல்லாம் முடித்துக் கையில் கொடுத்துவிட்டு அவன் வேலைக்குப் போனபின், உண்மையான முதல்முறைப் பயனர் அப்போதுதான் அதைத் திறக்கிறார். செயலியோ அவரைப் பழகியவராகக் கருதுகிறது. காட்டவேண்டிய குறிப்புகளையெல்லாம் மகனிடம் காட்டித் தீர்த்துவிட்டது. "தம்பி, இது என்னமோ கேக்குது, எதை அழுத்தணும்?" என்று பக்கத்தில் இருக்கின்ற எந்த இளைஞனிடமாவது கைப்பேசியை நீட்டுகின்ற பெரியவர்களை மஸ்ஜித் இந்தியாவிலும் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்திலும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த நீட்டலில் ஒரு சங்கோசம் உண்டு. அறுபது வருஷம் வியாபாரமோ உத்தியோகமோ பார்த்து மதிப்போடு வாழ்ந்த ஒருவரை, ஒரு பொத்தானின் முன்னே சிறுபிள்ளையாக்கி நிறுத்துவது சிறிய குற்றமன்று. ஒவ்வொரு முக்கியமான திரையிலும், எப்போது வேண்டுமானாலும் மறுபடி கேட்டுப் பார்க்கத்தக்க உதவிக் குறிப்பு ஒன்று இருக்குமாயின், அவர் யாரிடமும் கைப்பேசியை நீட்டவேண்டியதில்லை. தம் கடவுச்சொல்லையும் வங்கி இருப்பையும் வழியில் போகிறவர் கண்ணில் காட்டவேண்டியதில்லை.

இங்கே மொழியும் குறுக்கிடுகிறது. இந்நாட்டின் வங்கிச் செயலிகளில் பெரும்பாலானவற்றில் தமிழ் இல்லை. தமிழைச் சேர்க்கின்ற செயலிகளிலும், ஆங்கிலத்துக்கென்று வரைந்த குறுகிய பொத்தானில் தமிழ்ச் சொல்லைத் திணித்து, பாதிச் சொல்லுக்குப் பின் மூன்று புள்ளிகளோடு விட்டுவிடுகிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை; எழுத்தின் மேலும் கீழும் விசிறிகளும் சுழிகளும் உள்ளவை; அவற்றுக்கு அகலமும் வேண்டும், வரிகளுக்கிடையே உயரமும் வேண்டும். கண் மங்கியவர் கைப்பேசியின் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார் என்பதையும் நினைக்கவேண்டும். தொடுமிடம் குறைந்தது 48 அலகு, அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்று கூகுளும், 44 அலகு என்று ஆப்பிளும் வழிகாட்டுகின்றன. இந்த அளவுகளை அலட்சியம் செய்த திரையில், நடுங்குகின்ற விரல் 'சரி' என்பதைத் தொடப்போய் 'நீக்கு' என்பதைத் தொட்டுவிடுகிறது. வெறும் சித்திரக் குறிகளை மாத்திரம் வைத்துவிட்டு, அடியில் ஒரு சொல்லும் எழுதாமல் விடுவதும் இதே வகைப் பிழைதான்.

இவ்வளவும் சொன்னதனால், எல்லாத் தடைகளையும் அகற்றி எல்லாவற்றையும் ஒரே தொடுகையில் முடித்துவிடுவதே நல்லது என்று கொள்ளலாகாது. வாட்ஸ்அப்பில் வந்த ஓர் இணைப்பைத் தொட்டு, வேலைக்காரர் சேவை என்றோ தள்ளுபடி விற்பனை என்றோ பெயர் சூட்டிய போலிச் செயலியை நிறுவி, வாழ்நாள் சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் இந்நாட்டில் அநேகர். முதல்முறைப் பயனரின் பயம், ஆகையால், நியாயமான பயம். 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவு எண்ணைக் கைவிடுமாறு வங்கிகளைப் பணித்ததோடு, புதிதாக ஒரு கைப்பேசியைப் பதிவு செய்கின்றபோது சில மணி நேரம் காத்திருக்கவேண்டிய அவகாசத்தையும், ஒருவருக்கு ஒரு கருவி என்ற வரையறையையும் விதிக்கச் சொல்லியது. மறு மாதமே மோசடிகளைப் புகார் செய்ய 997 என்ற எண்ணோடு தேசிய மையம் ஒன்றும் தொடங்கியது. அந்தக் காத்திருப்பு முதல் நாளின் உற்சாகத்தைக் குறைக்கத்தான் செய்யும். எனினும் அது அவசியமான தாமதம். அத்தாமதம் ஏன், எத்தனை மணிக்கு முடியும், அதுவரை எவற்றைச் செய்யலாம் என்பதை வெளிப்படையாக எழுதிவைத்த செயலிக்கும், 'முயற்சி தோல்வி, பிறகு வருக' என்று மாத்திரம் சொல்லிவிடுகின்ற செயலிக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. முன்னது பாதுகாப்பாக உணரவைக்கிறது. பின்னது கைவிடப்பட்டதாக உணரவைக்கிறது.

முதல் நாளுக்குப் பிறகு வருகின்ற அறிவிப்புகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அனுப்பிய பணம் சேர்ந்தது, கேட்ட பொருள் வந்திருக்கிறது என்பன போன்ற, அவருக்கே உரிய செய்தியாக இருந்தால் வரவேற்பார். நீங்கள் எங்களை மறந்துவிட்டீர்களா என்று தினந்தோறும் காலையில் கேட்டுக்கொண்டிருந்தால் அறிவிப்பை நிறுத்துவார், அடுத்து செயலியையும் நீக்குவார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று எத்தனையோ தமிழ் இளைஞர்கள் செயலிகளை எழுதுகிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் செயலி முற்றும் முடிவதற்காகக் காத்திராதீர்கள். பாதி முடிந்த நிலையிலேயே கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ பிரிக்ஃபீல்ட்ஸுக்கோ எடுத்துக்கொண்டு போங்கள். உங்களுக்கு முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடமோ ஐயாவிடமோ அனுமதி பெற்று, கைப்பேசியை அவர் கையில் கொடுத்து, செய்யவேண்டிய காரியம் இன்னதென்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்தில் மௌனமாக உட்காருங்கள். வழி சொல்லித்தர நாக்கு துடிக்கும், சொல்லாதீர்கள். அவருடைய விரல் எங்கே தயங்குகிறது, கண் எதைத் தேடுகிறது, எந்த இடத்தில் உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறார் என்பதை மாத்திரம் குறித்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து பார்த்த அந்த இடத்தில் தவறு அவருடையதன்று, உங்களுடையது. பெரும்பாலான குறைகளைக் கண்டுகொள்ள ஐந்து பேர் போதும் என்று நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். ஐந்து பேருக்கும் நன்றி சொல்லி, ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, வீட்டுக்கு வந்து குறைகளைத் திருத்துங்கள். திருத்தியபின் வேறு ஐந்து பேரிடம் போங்கள்.